சளியக்காவும் திரும்பி வந்த பதினேழு கடிதங்களும்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறவர்கள் பதினோரு பேர். மலைமேல் குடியிருக்கும் பழங்குடி ஜனங்களின் பாஷை தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர். அவரைத்தான் எல்லோரும் சளியக்கா என்று கூப்பிடுவோம்.

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அக்கா அதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. மலையில் பிறந்து, கீழே டவுனில் ஒரு தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, பதிமூன்று வருஷமாக மலைக்கும் நிலையத்துக்கும் சளி டப்பா சுமந்தவர் அவர். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. விடிந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நன்றாக இருமி, அதில் துப்பித் தர வேண்டும். பாதிப் பேர் மரியாதைக்குக் கொஞ்சம் எச்சிலைத் துப்பி நீட்டுவார்கள். அக்கா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மாமா, இது எச்சில். இத வச்சு ஸ்டாம்புதான் ஒட்டலாம். நெஞ்சுக்குள்ளருந்து வரணும், இன்னொரு தடவ இருமுங்க" என்பார். மாமா இருமுவார். அக்கா சொன்னால் அந்த மலையில் யாரும் இருமுவார்கள்.

நான் நிலையத்தின் ஜீப் ஓட்டுகிறவன். அக்காவையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய், பெட்டியையும் அக்காவையும் இறக்கிவிடுவது என் வேலை. அந்த வரிசையில்தான். பெட்டிக்கு சீட் பெல்ட் போட வேண்டும் என்று எனக்கு எழுத்தில் உத்தரவு உண்டு. அக்காவைப் பற்றி அப்படி எதுவும் இல்லை.

மலை ஜனங்களுக்கு டிபி ஏன் இவ்வளவு வருகிறது என்பதுதான் எங்கள் நிலையத்தின் பிழைப்பு. என் காலத்திலேயே எட்டு ஆராய்ச்சி முடிந்திருந்தது. முதல் ஆராய்ச்சி, மலையில் டிபி இருக்கிறது என்று கண்டுபிடித்தது. இரண்டாவது, நிறைய இருக்கிறது என்று கண்டுபிடித்தது. மூன்றாவது, இதைப் பற்றி மேலும் ஆராய்ச்சி தேவை என்று கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் மூன்றாவதின் பிள்ளைகள்.

நான் சொல்ல வந்தது ஒன்பதாவதைப் பற்றி.

அதில் அறுநூற்று நாற்பது பேரிடம் சளி எடுத்தோம். யாருடைய சளி என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எம்-1, எம்-2 என்று வரிசையாக. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பெரிய டாக்டரின் ரூமில், இரும்பு அலமாரியில், இரண்டு பூட்டுக்குள் இருந்தது. பெரிய டாக்டர் எங்கள் தலைவர். மென்மையாகப் பேசுவார், யாரையும் 'வாங்க போங்க' என்பார். முழங்கால் வலி என்பதால் மலைக்கு மட்டும் வரமாட்டார். பட்டியல் இவ்வளவு பத்திரமாக இருந்ததில் ஒரே ஒரு சின்ன ஓட்டை. டப்பாவின் மேல் எண்ணை எழுதி ஒட்டியது சளியக்கா. அறுநூற்று நாற்பது பேரும் அவருக்கு மாமா, அத்தை, சித்தி, சம்பந்தி என்று ஏதோ ஒரு முறையில் சொந்தம். யாருக்கு எந்த எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்த ஓட்டை எந்த டாக்டருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அக்காவுக்கு ஞாபகம் என்று ஒன்று இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

சளி முடிவுகள் வந்து இரண்டு மாதம் கழித்து இரண்டாம் கட்டம் தொடங்கியது. டிபி இருக்கிறது என்று கடிதம் போட்டும் பதினேழு பேர் சிகிச்சைக்கு வரவில்லையாம். ஏன் வரவில்லை என்று ஆராய ஒரு மாணவி வந்தாள். வெளியூர்ப் பெண், நல்ல பிள்ளை, வெயிலுக்குப் பெரிய தொப்பி. கையில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அந்தப் பதினேழு பேரும் யார் என்று அவளுக்கே தெரியக் கூடாது என்று, நோய் இல்லாதவர்கள் இருபத்து மூன்று பேரைக் கலந்து நாற்பது பேர் பட்டியலாகக் கொடுத்திருந்தார்கள். ஆக, கேட்பவளுக்கும் தெரியாது, பதில் சொல்பவருக்கும் தெரியாது. இதற்கு ஆராய்ச்சி பாஷையில் ஒரு பெரிய பெயர் உண்டு, ரொம்பச் சிறந்த முறையாம்.

நாற்பது பேரில் ஒருவர் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். அன்றைக்கு அவர் கூரைத் தகடு ஒன்றைச் சீர் செய்துகொண்டிருந்தார். இரண்டு ஆணி அடிப்பதற்குள் நாலு தடவை இருமினார். மாணவி கேட்க, அக்கா மொழிபெயர்க்க, நான் நிழலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனும் தங்கையும் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டதை அக்கா பிறகு எனக்குச் சொன்னார்.

"கேள்வி நாப்பத்தேழு. டிபி இருக்குன்னு தெரிஞ்சும் சிகிச்சைக்குப் போகாம இருக்க என்ன காரணம்?"

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். "யாருக்கு டிபி?"

"பொதுவா கேக்குறாங்க அண்ணே."

"பொதுவா யாருக்கு?"

"யாருக்கோ. நீ பதில் சொல்லு."

"தெரிஞ்சா போயிருப்பேனே. தெரிஞ்சும் போகாம இருக்க நான் என்ன லூசா?"

மாணவி தாளைப் பார்த்தாள். நாலு கட்டங்கள் இருந்தன: கடவுளின் கோபம் என்ற நம்பிக்கை, மந்திரவாதி மேல் நம்பிக்கை, வெட்கம், அறியாமை. 'தெரிந்தால் போவேன்' என்று கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, அறியாமையில் டிக் அடித்தாள். மாணவியை இறக்கிவிட்டு வரும் வழியில் அக்கா ஜீப்பில் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கண்ணன் அறியாமையாம்டா. இந்தத் தொப்பிக்காரிக்குக் கூர ஒழுகுனா அவன்தான் வந்து அடைக்கணும்." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு நாக்கு கசக்கிறது.

மூன்று வாரம் கழித்து, ஸ்டேப்ளர் பின் வாங்கிவர அக்காவை ஆபீஸ் கிளார்க்கிடம் அனுப்பினார்கள். கிளார்க் போனில் இருந்தார், 'டிராயர்ல இருக்கு, எடுத்துக்கங்க' என்று கையைக் காட்டினார். அக்கா தப்பான டிராயரைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு உறைகள்.

மேலே இருந்த உறையில் எழுதியிருந்தது: 'எம்-214, மலைக் குடியிருப்பு.'

"சார், இது என்ன?"

கிளார்க் போனை வைத்தார். "ரிட்டர்ன் வந்த தபால்மா."

"பேரே காணோமே."

"பேர் போடக் கூடாது. நெறிமுறைக் குழு கண்டிஷனா சொல்லிட்டாங்க. ஒறை மேல பேர் இருந்தா, இவருக்கு டிபின்னு ஊருக்கே தெரிஞ்சிடும்ல? ரகசியம் காக்கணும்."

"பேர் இல்லாம தபால்காரர் யாருகிட்ட குடுப்பாரு?"

"அது தபால்காரர் பிரச்சினை" என்றார் கிளார்க். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அது தபால்காரர் பிரச்சினை என்று நம்பினார்.

பதினேழு உறைகள். பின்பக்கம் தபால்காரர் 'இப்படி ஒருவர் இல்லை' என்று எழுதியிருந்தார். ஆறாவது ஏழாவது உறைக்குள் அவருக்கே பொறுமை போய், ஒன்றில் 'இது ஆள் நம்பரா, பஸ் நம்பரா?' என்று கேட்டிருந்தார். எங்கள் நிலையத்தில் பதினோரு டாக்டர்களுக்கும் தோன்றாத கேள்வி.

எம்-214 அக்காவின் அண்ணன். கடிதத்தின் தேதியைப் பார்த்தார். பதினோரு வாரம் ஆகியிருந்தது.

அக்கா நேரே பெரிய டாக்டர் ரூமுக்குப் போனார். நான் அப்போது ட்ரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்க வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கதவு சாத்தவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் பெரிய டாக்டர்.

அக்கா உட்காரவில்லை. உறைகளை மேஜையில் வைத்தார். "பதினேழு பேரும் மறுத்துட்டாங்கன்னு சொல்லித்தானே சார் அந்தப் பொண்ண அனுப்பி ஏன் ஏன்னு கேக்க வச்சீங்க? யாருக்கும் சேதியே போகலையே சார்."

அவர் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு சரியாகிவிட்டது. "நம்ம தரப்புல கடிதம் அனுப்பினதுக்குப் பதிவு இருக்கு. அந்த வகையில நடைமுறை முடிஞ்சுது. இருந்தாலும், நீங்க சொன்னத நெறிமுறைக் குழு முன்னாடி வைக்கிறேன். அடுத்த கூட்டம் ஆறு வாரத்துல."

"அதுவரைக்கும் இருமாம இருக்கச் சொல்லட்டுமா சார்?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க."

"நான் போய்ச் சொல்லிடுறேன் சார். ஒரு நாள் வேலை."

"கூடாது. யார் எந்த நம்பர்னு உங்களுக்குத் தெரியவே கூடாது. நீங்க போய்ச் சொன்னா அது ரகசியத்த மீறின குத்தம். அவங்க அடையாளத்த நாம பாதுகாக்கணும்மா."

அவருடைய மேஜையில் அந்த வருஷத்து ஆண்டறிக்கை இருந்தது. பளபள அட்டை. அட்டை முழுக்க ஒரு மலைவாசி, தோளில் விறகுக் கட்டோடு பல் தெரியச் சிரிக்கிறார். அக்கா அதை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது யாருன்னு தெரியுதா சார்? இதான் எம்-214. மூஞ்சிய அட்டையில போட்டு நாடு பூரா அனுப்பிட்டீங்க. பேர மட்டும் அந்தாளுகிட்டருந்தே மறைச்சுட்டீங்க."

அக்கா உறைகளைப் பொறுக்கி டப்பா சுமக்கிற பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் என்னைப் பார்த்து, "ஜீப்ப எடு" என்றார்.

நான் எடுக்கவில்லை. ட்ரிப் ஷீட்டில் கையெழுத்து இல்லை என்றேன். எனக்குக் குழந்தை குட்டி இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அது எனக்குத் தெரியும். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "சரிடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மலையில் நடந்ததை அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

முதலில் அண்ணன் வீட்டுக்குத்தான் போனார். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாராம். பிறகு, "நான் துப்புனது உன்ன நம்பி. உங்க ஆபீஸ நம்பி இல்ல" என்றார். பதிமூன்று வருஷம் வாங்கிய சம்பளத்தை விட அந்த ஒரு வாக்கியம் கனமாக இருந்தது என்றார் அக்கா என்னிடம்.

"எங்க போகணும்?" என்று கேட்டார் அண்ணன்.

"செவ்வாய்க்கிழம கீழ ஆஸ்பத்திரிக்கு."

"சரி."

எங்கள் நிலையம் நாற்பது பக்கத்துக்கு எழுதிய 'பண்பாட்டுத் தடைகள்' தாண்டப்பட்டது இப்படித்தான். ஒருவர் வந்து சொன்னார், மற்றவர் சரி என்றார்.

இரண்டு நாளில் பதினேழு வீடும் ஏறி இறங்கினார். ஒருவர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார், அவருக்கு அங்கே இருக்கும் சொந்தக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வீட்டில் மட்டும் சொல்ல ஆள் இல்லை. எம்-209, ரோடு போடும் இடத்தில் ஜல்லி சுமந்த பெண், கைக்குழந்தைக்காரி. இருபத்தாறு நாள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். சும்மா காய்ச்சல், நெஞ்சு வலி என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

அக்கா திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவளுடைய புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உறையைப் பிரித்துப் படித்துக் காட்டினார். 'அன்புள்ள பங்கேற்பாளரே, தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி' என்று ஆரம்பித்ததாம் அது. டிபி என்ற வார்த்தை இரண்டாம் பக்கத்தில் வந்தது.

"இது எப்போ எழுதுனது?" என்று கேட்டான் அவன்.

கணக்கில் கோட்டை விட்ட அக்கா அந்தக் கணக்கை மட்டும் தப்பில்லாமல் போட்டார். "அவ போறதுக்கு அம்பத்தோரு நாளைக்கு முன்னாடி."

அவன் அழவில்லை. கத்தவும் இல்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "புள்ளைக்கும் பாக்கணுமா?" என்றான்.

"பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். காலி டப்பா பெட்டிகளை இறக்கச் சொல்லியிருந்தார்கள். டிபி மாத்திரை வாரத்தில் இரண்டு நாள், பன்னிரண்டு மணி வரை. மலையிலிருந்து வரும் ஒரே பஸ் பன்னிரண்டு பத்துக்கு வரும். எட்டு ஆராய்ச்சியில் ஒன்றுகூட அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்ததில்லை. இது எந்தப் பண்பாட்டில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு பத்துக்குப் பதினைந்து பேரும், கைக்குழந்தையோடு அந்தப் புருஷனும், முன்னால் சளியக்காவும் வந்து இறங்கினார்கள். கம்பவுண்டர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"டைம் முடிஞ்சுது. வெள்ளிக்கிழம வாங்க."

"வெள்ளிக்கிழமயும் பஸ் இதே நேரத்துக்குத்தான் சார் வரும்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். நாங்க இங்கயே வராந்தாவுல இருக்கோம் வெள்ளிக்கிழம வரைக்கும்" என்று அக்கா சொல்லிவிட்டு, கம்பவுண்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அப்போது அண்ணனுக்கு இருமல் வந்தது. அதைக் கேட்டு அடுத்தவருக்கு வந்தது. கொட்டாவி மாதிரி அது ஒரு வரிசையாகப் போய், பதினைந்து பேரும் சேர்ந்து இருமினார்கள். வேண்டுமென்று இருமினார்களா, தானாக வந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கம்பவுண்டர் கர்ச்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு பூட்டைத் திறந்த வேகத்தை நான் எந்த அரசாங்க ஆபீஸிலும் பார்த்ததில்லை. டாக்டர் அம்மாவும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு வந்தார். மூன்று மணிக்குள் பதினைந்து பேருக்கும் மாத்திரை, குழந்தைக்கும் அப்பாவுக்கும் எக்ஸ்ரே.

வியாழக்கிழமை அக்காவுக்கு மெமோ வந்தது. ரகசியத்தை மீறியது, அலுவலகத் தபாலை எடுத்துச் சென்றது என்று இரண்டு குற்றம். கூடவே மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவர்களே ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தார்கள், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

"என்ன எழுதியிருக்கு சார்?" என்றார் அக்கா.

"தெரியாம செஞ்சிட்டேன்னு" என்றார் கிளார்க்.

"தெரிஞ்சுதானே செஞ்சேன்?"

கையெழுத்துப் போடவில்லை. வேலை போனது. வீட்டில் அவருடைய தையல்காரப் புருஷன் மட்டும், "மெமோவ எங்கிட்ட குடு, நல்ல கெட்டித் தாளு, காலர் பேட்டர்ன் வெட்டிக்கிறேன்" என்றாராம்.

ஒன்பதாவது ஆராய்ச்சிக்கு ஒரு கடைசிக் கட்டம் பாக்கி இருந்தது. எல்லோரிடமும் மறுபடி சளி எடுக்க வேண்டும். அக்காவுக்குப் பதிலாக ஒரு பட்டதாரியை எடுத்தார்கள். அவரோடு நான் நாலு தடவை மலை ஏறினேன். நாலு தடவையும் டப்பாக்கள் போனபடியே திரும்பின. "வணக்கம்", "தண்ணி குடிக்கிறீங்களா" எல்லாம் உண்டு, சளி மட்டும் இல்லை. "சளியே இல்லீங்க, எல்லாரும் நல்லாருக்கோம்" என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்துக்கு நேராக இருமினார்கள்.

இதற்குள் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமைப்பிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பெரிய டாக்டருக்கு வேறு வழி இல்லை. முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் ஜீப்பில் ஏறினார். பார்வையிட வந்த அம்மாவும் அந்த மாணவியும் பின்னால் உட்கார்ந்தார்கள். பெட்டிக்குப் போடும் சீட் பெல்ட்டை அன்றைக்கு பெரிய டாக்டருக்குப் போட்டேன்.

மேலே பள்ளிக்கூட வராந்தாவில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி. பக்கத்தில் சளியக்கா, மடியில் அட்டை, அட்டையில் தாள், கையில் பேனா. ஊர்க்காரர்கள்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

அண்ணன் எழுந்து பேச, அக்கா வழக்கமான ஏற்ற இறக்கமில்லாத குரலில் மொழிபெயர்த்தார். "துப்புறதுக்கு முன்னாடி உங்கள சில கேள்வி கேக்கணும்னு சொல்றாங்க சார். புதுசா ஒண்ணும் இல்ல. உங்க கேள்விதான்."

பெரிய டாக்டர் பார்வையிட வந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா, "கேளுங்களேன்" என்றார். பெரிய டாக்டர் உட்கார்ந்தார்.

"வீட்ல எத்தன பேர் சார்?"

"மூணு பேர்."

"எத்தன ரூம்?"

"ஏழு."

அக்கா எழுதிக்கொண்டார். பின்னால் யாரோ பாவப்பட்டு உச்சுக் கொட்டினார்கள்.

"போன மாசம் எத்தன தடவ மது குடிச்சீங்க?"

"இது… இதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கேள்வி பதினாறு சார். நாங்க எல்லாரும் பதில் சொல்லியிருக்கோமாம், அவங்கவங்க மாமியார் முன்னாடி."

"ரெண்டு தடவ."

"ரெண்டு" என்று எழுதினார் அக்கா. "அப்புறம் யோசிச்சு ஞாபகம் வந்தா மாத்திக்கலாம் சார். உடம்புக்கு ஏதாவது வியாதி?"

"சர்க்கரை இருக்கு."

"மாத்திரை தெனமும் தவறாம சாப்பிடுறீங்களா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "சில நாள் விட்டுடுது."

"காரணம்? கடவுளின் கோபம், மந்திரவாதி மேல் நம்பிக்கை, வெட்கம், அறியாமை."

"வேலை ஜாஸ்திம்மா. மறந்துடும்."

அக்கா தாளை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க, அறியாமையில் டிக் அடித்தார்.

வராந்தாவே சிரித்தது. மாணவி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். பார்வையிட வந்த அம்மாவும் சிரித்துவிட்டார். பெரிய டாக்டரின் காது சிவந்தது. அவரும் சிரிக்க முயற்சி செய்தார்.

அப்போது அந்தப் புருஷன், இடுப்பில் குழந்தையோடு எழுந்தான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் டவுன் பேச்சிலேயே, அக்காவை மொழிபெயர்க்க விடாமல், நேராகக் கேட்டான்.

"என் பொண்டாட்டி பேர் தெரியுமா உங்களுக்கு?"

பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். அவருக்கு 209 என்று தெரிந்திருக்கும், வயசும் எடையும்கூடத் தெரிந்திருக்கும். பேர் இரும்பு அலமாரியில் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவன் ஒரு நிமிஷம் காத்திருந்தான், பிறகு குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு நாலு விஷயம் முடிவானது. யாருக்கு என்ன என்பதைப் பத்து நாளுக்குள் நேரில், வாயால் சொல்ல வேண்டும். பஸ் வந்த பிறகும் மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி திறந்திருக்க வேண்டும். பதினேழு பேர் மறுத்ததாக எழுதி ஏற்கெனவே அச்சுக்குப் போன கட்டுரையைத் திருத்த வேண்டும். சளியக்கா மறுபடி வேலைக்கு வர வேண்டும். பார்வையிட வந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டதால் பெரிய டாக்டரும் எழுதிக்கொண்டார்.

எல்லாம் நடந்ததா என்று கேட்டால், நடந்த மாதிரிதான். திருத்தம் வந்தது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில். 'மறுத்தவர்கள் பதினேழு' என்பதை 'தகவல் சென்றடையாதவர்கள் பதினேழு' என்று படித்துக்கொள்ளவும் என்றது. தகவல் என்னவோ தானாகக் கிளம்பி வழியில் களைத்து உட்கார்ந்துவிட்டது போல. எம்-209 பற்றி அட்டவணையில் 'இறப்பு: ஆய்வுக்குத் தொடர்பில்லாத காரணம்' என்றே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி அக்கா மூன்று மனு எழுதினார். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில். பேர் போட்ட உறையில் வந்தது.

அடுத்த வருஷம் எங்கள் நிலையம் பத்தாவது ஆராய்ச்சியை வெளியிட்டது. உள்ளூர் ஆள் ஒருவர் வீட்டுக்கே போய் நேரில் சொன்னால் மலை ஜனங்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அம்புக்குறி போட்டு அழகான படம், அதற்கு ஒரு சுருக்கப் பெயர். பெரிய டாக்டருக்கு விருது. எதற்காக வேலையை விட்டுத் தூக்கினார்களோ அதற்கே விருது. மேடையில் அவர், மக்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டோம் என்று பேசினார். கட்டுரையின் கடைசியில் 'களப் பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. அதில் நானும் சேர்த்தி என்றார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் ஆறு மாதமும் மாத்திரை சாப்பிட்டார். ஒண்ணுக்கு சிவப்பாகப் போகிறது, வாய் கசக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று தினமும் போன் போட்டு அக்காவை வறுத்தெடுத்தார். ஆனால் ஒரு வேளை விடவில்லை. பதினைந்து பேரில் பதினாலு பேர் முழுசாக முடித்தார்கள். ஒருவர் நடுவில் நிறுத்தி, அக்கா போய் வாசலில் உட்கார்ந்த பிறகு மறுபடி ஆரம்பித்தார். வெளியூர் போனவருக்கு அங்கேயே மாத்திரை கிடைத்தது. குழந்தைக்கு நோய் இல்லை, வராமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். இப்போது ஓடுகிறது, ஜீப் ஹாரன் அடித்தால் பதிலுக்குக் கத்துகிறது.

அக்கா வேலைக்குத் திரும்பினார், ஒரு நிபந்தனையோடு. இரும்பு அலமாரியின் இரண்டு சாவியில் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். கொடுத்தார்கள். அந்தச் சாவியை அவர் தாலிக்கயிறு மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு அலைவதாகக் கிளார்க் கிண்டல் செய்வார். அக்கா ஸ்டேப்ளர் பின் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்.

போன மாதம் நிலையத்தில் 'பழங்குடி மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி' என்று இரண்டு நாள் பயிற்சி நடந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஹாலில் ஏசி, எல்லோருக்கும் ஃபைல், கழுத்தில் அட்டை. அக்காவுக்கும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு அட்டை எழுதி வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அவர் என்னிடம் வந்து ஜீப்பை எடுக்கச் சொன்னார். ட்ரிப் ஷீட்டில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. எடுத்தேன். அன்றைக்கு மலையில் மூன்று பேருக்கு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கு இல்லை, ஒருவருக்கு இருந்தது. அவரை அன்றைக்கே, அந்தப் பன்னிரண்டு பத்து பஸ் வருகிற நேரத்துக்கு, ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம்.